குக்ரி அண்டாவை மறித்து நின்ற டாக்டர் விபாபென்

மேடையில் வீற்றிருக்கும் சோன்வாடா பாஞ்ராபோல் மாட்டுக் காப்பகத்தின் அறங்காவலர் குழுத் தலைவர் கீர்த்திலால் சேட் அவர்களே, பால் கூட்டுறவுச் சங்கத்துப் பெரியவர்களே, மும்பையிலிருந்தும் சூரத்திலிருந்தும் பயணக் களைப்போடு வந்திருக்கும் நன்கொடையாளர்களே, வெள்ளை உடுத்திப் பாயில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, ஊர்க்காரர்களே, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் காதை ஆட்டிக்கொண்டு நிற்கும் என் கிழட்டு மாடுகளே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பாஞ்ராபோலின் மேலாளன் ரண்சோட் சௌத்ரியின் வணக்கம்.

மாடுகளையும் சேர்த்து வணங்குகிறேனே என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். டாக்டர் விபாபென் பாரோட் உயிரோடு இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பவர் அவர்தான். "மாட்டை ஏன்யா கடைசில சொல்றீங்க? அதுங்களாலதானே நமக்குச் சோறு" என்று என்னைக் கடிந்தும் இருப்பார். சந்தன மாலைக்குள் இருந்து முறைக்கிறாரே, அந்தப் படத்தில் மட்டும்தான் அவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்!

டாக்டரின் சேவையைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிடு என்றுதான் என்னை இங்கே ஏற்றினார்கள். அப்படித்தான் நானும் வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய நம் தலைவர் ஓர் அறிவிப்புச் செய்தார். டாக்டரின் ஆன்ம சாந்திக்காக, தை பிறக்கும் உத்தராயண் பட்டத் திருநாளில், நம் மாடுகளுக்கு அண்டா அண்டாவாகக் குக்ரி படைக்கப்படும் என்றார். கம்பை அவித்து, வெல்லம் போட்டு, எண்ணெய் ஊற்றிக் கிளறி, நன்கொடையாளர்கள் தங்கள் கையாலேயே ஊட்டலாம் என்றார். துக்கக் கூட்டம் என்பதால் நீங்கள் கைதட்டவில்லை. ஆனால் தலையாட்டினீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

யார் பெயரால் குக்ரி? விபாபென் பெயராலா? வாழ்நாள் முழுவதும் எந்த அண்டாவை மறித்து நின்றாரோ, அதே அண்டாவை அவர் படத்துக்கு முன்னால் வைத்து ஆசீர்வாதம் வாங்கப் போகிறீர்களா? இதைக் கேட்டுவிட்டு நான் இரண்டு நல்ல வார்த்தை சொல்லி இறங்குவதா? முடியாது, அன்பர்களே! முடியவே முடியாது!

இளையவர்களுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் சொல்கிறேன். பால் வற்றிய மாடு, பல் தேய்ந்த மாடு, கால் ஒடிந்த எருது, இனி யாருக்கும் வேண்டாம் என்று அவிழ்த்துவிடப்பட்ட கன்று, இவையெல்லாம் வந்து சேரும் இடம் இது. விபாபென் அரசு கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து வாராவாரம் நம்மைப் பார்க்க வரத் தொடங்கிய முதல் வருடம், உத்தராயண் அன்று ஊரே பாத்திரத்தோடு இந்த வாசலில் வரிசையில் நின்றது. மேலே பட்டம், கீழே குக்ரி. மாடுகள் முண்டியடித்துத் தின்றன. பார்த்தவர்கள் கண்ணில் நீர். எவ்வளவு ஆசையாகச் சாப்பிடுகிறது பார் என்று குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். மறுநாள், வாசி உத்தராயண் அன்று, வானத்தில் பட்டம் அப்படியே பறந்துகொண்டிருக்க, கொட்டகையில் மாடுகள் அசை போடுவதை நிறுத்தியிருந்தன. தலை தொங்கியது. கால் நடுங்கியது. புளித்த மாவு போல ஒரு நாற்றம். மதியத்துக்குள் பிண வண்டி வந்து வந்து போயிற்று.

அப்போது இங்கே இருந்த பெரியவர் ஒருவர், இன்று அவர் இல்லை, பெயர் வேண்டாம், டாக்டரைத் தேற்றப் போனார்.

"பனி தாங்கலம்மா, அவ்வளவுதான். உத்தராயண் அன்னைக்குக் குக்ரி தின்னுட்டுப் போற மாடு நேரா வைகுண்டம் போகும். அழாதீங்க."

விபாபென் அழவில்லை. மடித்துவிட்ட சட்டைக்கையோடு எழுந்து நின்றார்.

"அப்படியா பெரியவரே? அப்போ நீங்களும் ரெண்டு பாத்திரம் தின்னுட்டுப் படுங்க. அதே வண்டியில ஏத்தி விட்டுர்றேன், துணைக்குத் துணையாச்சு!"

இப்படிப் பேசும் ஒரு பெண்பிள்ளையை இந்த ஊர் அதற்கு முன்னால் கண்டதில்லை. அன்றைக்கே மாற்றல் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று சிலர் ஓடினார்கள். நான் மட்டும் அவரிடம் போய், தின்ற மாடு எப்படியம்மா சாகும், பஞ்சத்தில் தின்னாமல் சாவதைத்தானே பார்த்திருக்கிறோம் என்று கேட்டேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சொன்னார்.

"மாட்டோட பெருவயித்துக்குள்ள ஒரு ஊரே இருக்கு ரண்சோட்பாய். கண்ணுக்குத் தெரியாத ஜனங்க. வருசம் பூரா சோளத்தட்டையும் காஞ்ச புல்லும் தின்னு பழகுன ஜனங்க. திடீர்னு ஒரே நாள்ல அவிச்ச தானியத்தைக் கொட்டினா அந்த ஊர்ல கலவரம்தான். எல்லாம் புளிச்சு ஆசிட் ஆயிரும். நல்ல ஜனங்க செத்துரும். அந்த ஆசிட் ரத்தத்துல ஏறும். அப்புறம் மாடு நிக்காது."

"அப்போ மாடு அதுவா நிறுத்திக்காதா விபாபென்?"

"வருசம் பூரா அரை வயிறு. அன்னைக்கு மட்டும் அண்டா. நீங்க நிறுத்துவீங்களா? பிழைச்சது மட்டும் நல்லா வாழுதுன்னு நினைக்கிறீங்களா? குளம்புக்குள்ள வீங்கி, ஆயுசு பூரா நொண்டும். உங்க கொட்டகையில நொண்டுற மாட்டுல பாதிக்கு வந்தது கால் நோயே இல்ல. போன உத்தராயண் குக்ரி."

அன்பர்களே, இதைக் கொஞ்சம் யோசியுங்கள். மாட்டை அடிக்கும் ஊரில் இந்தத் தவறு நடக்காது. மாட்டைக் கும்பிடும் ஊரில்தான் நடக்கும். எறும்புக்கு மாவு தூவுகிற நாம், பட்டக்கயிற்றில் அறுபட்ட புறாவுக்குக் கட்டுப்போடக் கூடாரம் அடிக்கிற நாம், வாயில்லா ஜீவனை வருடத்துக்கு ஒரு நாள் அன்பாலேயே கொன்றோம். இதைச் சொல்வதற்கு இந்த ஊரில் ஒருவருக்குத்தான் துணிச்சல் இருந்தது. அவர் பெயர் டாக்டர் விபாபென் பாரோட்!

அண்டாவை மட்டும் எதிர்த்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அரை வயிற்றையும் எதிர்த்தார். தீவனம் போடும் நேரத்தில் எங்கள் ஆட்களை எல்லாம் வேலையை விட்டுவிட்டுச் சும்மா நிற்கச் சொன்னார். "யார் முதல்ல திங்குதுன்னு பார்க்காதீங்க. யார் கடைசியா திங்குதுன்னு பாருங்க" என்றார். பார்த்தோம். கொம்பு பெரிதாக உள்ளது தொட்டியை அடைத்துக்கொள்கிறது. பல் போன கிழம் ஓரத்தில் நின்று மண்ணை நக்குகிறது. அது தொட்டிக்கு வருவதற்குள் வெறும் தட்டைக் காம்புதான் மிச்சம். நாங்களோ, எல்லா மாட்டுக்கும் போட்டாயிற்று என்று கையைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தோம்!

தொட்டியை நீளமாக்க வைத்தார். பல் போனவற்றுக்குத் தனி வரிசை, பொடியாக நறுக்கிய தட்டை. எல்லாத் தூணிலும் உப்புக்கட்டி. பச்சைக் குதிரைமசால் போட்டால் காய்ந்த புல்லோடு கலந்துதான். தீவனத்தை மாற்றுவதானால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். தண்ணீர்த் தொட்டியில் பாசி இருந்தால் என்னைக் கூப்பிட்டு, "இதுல ஒரு டம்ளர் குடிங்க ரண்சோட்பாய், அப்புறம் பேசுவோம்" என்பார். குடிக்கமாட்டேன். தேய்ப்பேன். கொஞ்ச காலத்தில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்த மாடுகள் முட்டுவதை விட்டன. முரட்டு மாடு என்று நாங்கள் தனியே கட்டி வைத்திருந்த ஒன்று கையை நக்க ஆரம்பித்தது. அதற்குக் குணம் கெட்டிருக்கவில்லை. பசித்திருந்தது, அவ்வளவுதான்.

இனி நான் சொல்லப் போவதை நம் தலைவர் கீர்த்திலால் சேட் என்னைவிட நன்றாகச் சொல்வார். அவர் சொல்லாததால் நான் சொல்கிறேன்.

அடுத்த உத்தராயண் வந்தது. சேட்டின் தகப்பனார் காலமாகி வருடம் திரும்பியிருந்த சமயம். அவர் நினைவாக டிராக்டரில் அண்டாக்கள், முன்னால் மேளம், பின்னால் உறவுகள். வாசல் சாத்தியிருந்தது. வாசலுக்கு வெளியே ஒரு முக்காலி போட்டு விபாபென் உட்கார்ந்திருந்தார்.

"எழுந்திருங்க பென், எங்கப்பா பேர்ல புண்ணியம் பண்ண வந்திருக்கோம்."

"தாராளமா பண்ணுங்க சேட். அண்டாவைத் திறங்க, பார்ப்போம்."

திறந்தார்கள். கையை விட்டு ஒரு கவளம் எடுத்துத் தன் வாயில் போட்டு மென்றார்.

"நல்லாத்தான் இருக்கு. வெல்லம் கொஞ்சம் கம்மி. நேரா ஆஸ்டல் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுங்க. பிள்ளைங்க சாப்பிடட்டும், உங்கப்பாவை வாழ்த்தும்."

"மாட்டுக்குன்னு ஆக்கினதை மனுசனுக்குப் போடச் சொல்றீங்களா?"

"மனுசனுக்குன்னு ஆக்கினதைத்தானே சேட் மாட்டுக்குப் போட வந்திருக்கீங்க!"

கூட்டம் சிரித்துவிட்டது. மேளக்காரன்கூடச் சிரித்தான். அண்டாக்கள் பள்ளிக்கூடத்துக்குப் போயின. ஆனால் சேட்டுக்கு மனசு ஆறவில்லை. அவருடைய தகப்பனார் வளர்த்த காங்கிரேஜ் இனப் பசு, காப்ரி என்று பெயர், இங்கேதான் இருந்தது. அப்பாவின் மாட்டுக்கு மட்டுமாவது என்று ஒரு வாளிக் குக்ரியைப் பின்பக்கச் சுவர் வழியாக இறக்கினார். தன் கையாலேயே ஊட்டினார். காப்ரியும் அந்தக் கை வாசம் தெரிந்து கடைசிப் பருக்கை வரை தின்றது.

இருங்கள் சேட். உட்காருங்கள். "ரண்சோட்பாய், துக்கக் கூட்டத்துல இதெல்லாம் எதுக்கு, முடிங்க" என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. ஒலிபெருக்கியில் எல்லோருக்குமே கேட்கிறது. நான் முடிக்கமாட்டேன். உங்களை அவமானப்படுத்த இதைச் சொல்லவில்லை. என்னை விட்டால் இந்த ஊரில் இதைக் கண்ணால் பார்த்த சாட்சி நீங்கள் ஒருவர்தான் மிச்சம் என்பதால் சொல்கிறேன்.

மறுநாள் காலை காப்ரி எழவில்லை. விபாபென் வந்தார். மருந்து ஊற்றிப் பார்த்தார், சோடா உப்பு கரைத்து ஊற்றிப் பார்த்தார். பிறகு நாலு பேராகத் தூக்கி நிறுத்தச் சொல்லி, இடது விலாவுக்குப் பின்னால் மரத்துப்போக ஊசி போட்டு, கத்தியால் திறந்தார். தோள் வரை கையை உள்ளே விட்டார். சேட் ஓரமாக நின்றிருந்தார். அவரைப் பார்த்து டாக்டர் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"அங்க என்ன நிக்கிறீங்க? வந்து வாளியைப் பிடிங்க சேட். உங்க புண்ணியம் வெளிய வருது."

பிடித்தார். புளித்து, நுரைத்து, கைப்பிடி கைப்பிடியாகக் குக்ரி அந்த வாளியில் விழுந்தது. முந்தின நாள் குக்ரி கொண்டுவந்த அதே வாளி. சேட் குழந்தையைப் போல விம்மி அழுதார். நன்றாக இருந்த எருது ஒன்றின் வயிற்றிலிருந்து நீர் எடுத்து, காப்ரியின் வயிற்றில் ஊற்றித் தைத்தார் டாக்டர். செத்துப்போன ஊரில் புது ஜனங்களைக் குடியேற்றுகிறேன் என்றார். மூன்றாம் நாள் காப்ரி ஒரு வாய் காய்ந்த புல்லைக் கடித்தது. அதற்குப் பிறகு பல வருடம் வாழ்ந்து, கிழமாகி, தன் மூப்பில் செத்தது.

அதற்கடுத்த உத்தராயணுக்கு, தலையில் உலர்புல் கட்டு சுமந்து, மேளமில்லாமல், செருப்பில்லாமல் இந்த வாசலுக்கு முதலில் வந்தவர் யார்? கீர்த்திலால் சேட்! நீங்கள்தான் சேட்! உங்களைப் பார்த்துத்தான் ஊரே புல்கட்டுக்கு மாறியது. அதற்குப் பின் ஒரு வாசி உத்தராயண் அன்றும் இங்கே பிண வண்டி நுழையவில்லை. டாக்டர் உங்களை எத்தனை கேலி செய்தாலும், "இந்த ஊர்லயே தப்பை ஒத்துக்கிட்ட ஒரே பணக்காரர்" என்று என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கமாட்டார். அவர் குணம் அப்படி.

பின் இப்போது என்ன வந்தது? எனக்குத் தெரியும் என்ன வந்தது. புல்கட்டு படத்தில் நன்றாக விழுவதில்லை. தூரத்திலிருந்து வரும் நன்கொடையாளர்கள் கையால் ஊட்ட ஆசைப்படுகிறார்கள். ஊட்டினால் மாடு நக்குகிறது, மனசு குளிர்கிறது. சென்ற வருடம் மும்பையிலிருந்து வந்த ஓர் அம்மையார் இதையே டாக்டரிடம் கேட்டார்.

"கொஞ்சமா ஊட்டுனா என்ன டாக்டர்? அப்பத்தான் எனக்கு மனசு நிறையுது."

"நீங்க கொஞ்சம், உங்க பின்னால நிக்கிற அத்தனை பேரும் கொஞ்சம். மாட்டுக்கு ஒரே வயிறுதாம்மா. உங்க மனசு நிறையறதுக்கு அது வயிறு கிழியணுமா?"

அந்த அம்மையார் கோபித்துக்கொண்டு போகவில்லை. பல் போன மாடுகளின் வரிசைக்குப் போய், நறுக்கிய தட்டையை அள்ளி அள்ளிப் போட்டு, உடம்பெல்லாம் தூசியோடு நின்றார். இன்றும் வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அம்மா, அன்றைக்கு உங்கள் மனசு நிறைந்ததா இல்லையா? தலையாட்டுகிறார், பாருங்கள்!

ஆஸ்பத்திரியில் கடைசியாக டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். ஆளுக்கொரு டப்பா, நெய் வழியும் சுக்டி, சீரா என்று இனிப்புகள். ஒரு வாயாவது சாப்பிடுங்கள் என்று கெஞ்சுகிறார்கள். அவர் என்னைப் பார்த்தார். அத்தனை பேர் முன்னாலும் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"சாணி எப்படி இருக்கு?"

நர்ஸ் அசந்துபோனாள். கெட்டியாக இருக்கிறது பென், நாற்றமில்லை, முழுத் தானியம் எதுவும் தென்படவில்லை என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். "அப்போ நல்லா இருக்குதுங்க" என்றார். அவ்வளவுதான் எங்கள் கடைசிப் பேச்சு. எனக்கு அழுகை வந்தது. இப்போதும் வருகிறது. ஆனால் அவர் படத்துக்கு முன்னால் அழுது தீர்த்துவிட்டு, உத்தராயண் அன்று அவர் பிள்ளைகளான இந்த மாடுகளைக் கொன்றால், அந்த அழுகைக்கு என்ன பெயர்? அது அஞ்சலியா? சொல்லுங்கள், அது அஞ்சலியா?

ஆகவே சபையோர் முன்னால் நான் உறுதி சொல்கிறேன். இந்த உத்தராயணுக்கு இந்தக் கொட்டகைக்குள் ஒரு கைப்பிடிக் குக்ரி நுழையாது. டாக்டர் பெயரால் நுழையாது, தெய்வத்தின் பெயரால் நுழையாது, நன்கொடையின் பெயரால் நுழையாது. புல்கட்டோடு வருகிறவர்களுக்கு வாசல் திறந்திருக்கும். தண்ணீர்த் தொட்டி தேய்க்க வருகிறவர்களுக்குத் திறந்திருக்கும். அண்டாவோடு வருகிறவர்களுக்கு வாசலில் நான் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு அவரைப் போலப் பேச வராது. நகராமல் உட்காரத் தெரியும்.

நான் சம்பளத்துக்கு இருப்பவன். நாளைக்கே என்னைப் போகச் சொல்லும் அதிகாரம் மேடையில் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. கொட்டகைச் சாவி இதோ, இந்த மேசையில், டாக்டரின் படத்துக்கு முன்னால் வைக்கிறேன். அண்டா உள்ளே போகத்தான் வேண்டும் என்று நினைப்பவர் யாராக இருந்தாலும், இப்போது, எல்லோரும் பார்க்க, டாக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்து எடுத்துக்கொள்ளுங்கள். காத்திருக்கிறேன்.

மும்பைக்காரர்கள்? இல்லையா?

சங்கத்துப் பெரியவர்கள்?

கீர்த்திலால் சேட், எழுந்து வருகிறீர்கள். வாருங்கள். எடுங்கள்.

சாவியை என் கையிலா கொடுக்கிறீர்கள்? சரி. வாங்கிக்கொள்கிறேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள் சேட். உத்தராயண் அன்றைக்கு வாசலில் இன்னொரு முக்காலி போட்டு வைக்கிறேன், உங்களுக்கு.

மௌன அஞ்சலியை நீங்கள் நடத்திக்கொள்ளுங்கள். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் நேரமாகிவிட்டது. நான் போகிறேன்.